பூட்டிய மில்லும் தவணைக்காரரும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிளிநொச்சி மாவட்டத் தருமபுரத்தில் மிளகாயும் மாவும் அரைத்துக் கொடுக்கும் சிறிய மில் ஒன்றை நடத்துகிறேன். முதலாளியின் மனத்திடம்தான் தொழிலைக் காப்பாற்றும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. தவணைக்காரர் வரும் நாளில் கைபேசியை நிறுத்தி, மில்லையும் பூட்டிவிட்டு அழுகிறேன். தியானம் பழகினால் திடம் வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தியானம் பழக விரும்பினால் பழகுங்கள். அழுவதிலும் பிழையில்லை. மில்லைப் பூட்டினீர்கள் என்று வாசித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

கிளிநொச்சியில் சில்லறைக்கடை வைத்திருந்த என் பெரியம்மா, வவுனியா மொத்த வியாபாரி ஒருவருக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்த நிலையில் 2008இல் போரால் இடம்பெயர்ந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளன் வரை போய், மெனிக் பாம் அகதி முகாமில் தங்கியிருந்து, 2010இல் ஊர் திரும்பியபோது கடை இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. தறப்பாள் கொட்டிலில் அடுப்பு மூட்டிய மறுவாரமே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். அந்த வியாபாரியோ, பெரியம்மா உயிரோடில்லை என்று எண்ணித் தன் கொப்பியில் அந்தக் கணக்கைக் கோடிழுத்து மூடியிருந்தார். கடனைப் பற்றிப் பேச வந்தவரைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்து, கோடிழுத்த கணக்கின் கீழேயே சீனியும் மாவும் பருப்புமாகப் புதிய கடனை எழுதி அனுப்பினார். பெரியம்மா திடமானவர் அல்லர். ஓமந்தை தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடன் கொடுத்தவருக்கு முகம் காட்ட மட்டும் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

உங்கள் தவணைக்காரர் அந்த வியாபாரி அல்லர் என்பீர்கள். உண்மை. வாராவாரம் வந்து, பணம் வரும்வரை விறாந்தையை விட்டு எழும்பாத வசூல்காரருக்கும் அவருக்கும் ஒப்பேது? மனத்திடம் போதித்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2022 ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75, 2023 பெப்ரவரியில் மேலும் 66 என்று மின்கட்டணம் ஏறியதே, அதை எந்த முதலாளியின் நெஞ்சுரம் குறைத்திருக்கும்? கடன் கொடுத்தவரும் கட்டணம் ஏற்றியவரும் சுமக்க வேண்டிய பங்கையும் சேர்த்து உங்கள் மனதின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆனாலும் பூட்டிய கதவு தவணைக்காரரை மட்டும் தடுப்பதில்லை. மிளகாய்ப் பையோடு வந்த அயலவளும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மில்லுக்குப் போகிறாள். இரண்டு முறை போனவள் மூன்றாம் முறை உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பமாட்டாள். கைபேசியை நிறுத்துவதோ அதைவிட மோசம். வாயைத் திறந்து அவகாசம் கேட்கக்கூடிய உங்களை, ஏமாற்றுக்காரி என்று எழுதிவைக்க அது இடம் கொடுக்கிறது.

அடுத்த தவணைக்கு முதல்நாளே, மின்கட்டணப் பட்டியல்களையும் வரவு செலவு எழுதிய கொப்பியையும் எடுத்துக்கொண்டு கடன் கொடுத்தவர்களுடைய கந்தோருக்கு நீங்களாகவே போங்கள். எவ்வளவு கட்ட முடியும் என்பதை நீங்கள் முதலில் சொல்லுங்கள். தவணையை நீட்டினால் எழுத்தில் வாங்குங்கள். அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். போகும்போது மில்லில் யாரையாவது இருத்திவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
அண்ணா