ஒரே அலை ரெண்டு தடவ வந்துச்சா?

கேள்வி: ஈர்ப்பு அலை (ரெண்டு கருந்துளை மோதுற மாதிரி நேரத்துல கிளம்பி வர்ற வெளியோட அதிர்வு) வர்ற வழியில ஒரு கேலக்ஸி குறுக்க நின்னா, அது லென்ஸ் மாதிரி வளைச்சு ஒரே அலைய நமக்கு ரெண்டு தடவ காட்டும்னு படிச்சேன். அப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்தா போதுமே சார், இன்னும் ஏன் உறுதியில்லன்னே சொல்றாங்க? (தென்காசி வாசகர்)

பதில்: உலகத்துல ஒரே ஜாடையில ஏழு பேர் இருப்பாங்கன்னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்கல்ல, சிக்கலே அதான் சார். 2020 மார்ச்ல முடிஞ்ச மூணாவது ரவுண்டு வரைக்கும், இந்த அலையப் பிடிக்கற லைகோ, விர்கோ கருவிங்க கணக்குல மொத்தம் 90 அலை, இத ரெண்டு ரெண்டா ஜோடி போட்டுப் பாருங்க, 4005 ஜோடி வருது, அதுல சிலது சும்மாவே ஒத்துப்போயிடும்.

2019 நவம்பர் 3 அன்னிக்கு ஒண்ணு வந்துச்சு, 5 அன்னிக்கு இன்னொண்ணு. மோதுன கருந்துளைங்களோட எடை, அலை வந்த திசை எல்லாம் கிட்டத்தட்ட பொருந்துச்சு. ஆனா ரெண்டுலயும் கருந்துளைங்க சூரியனப் போல சுமார் 8 மடங்கு, 11 மடங்கு எடை, மோதுற கருந்துளைங்கள்ல இந்த 10 மடங்கு ரேஞ்சுதான் ரொம்ப சகஜம். எந்த எடை எவ்வளவு சகஜம்ங்கற மாடலையும் கணக்குல சேர்த்தா, அட இது தற்செயலாவே இருக்கலாமேன்னு ஆயிடுது. அதோட குறுக்க இருக்கறது ஒத்தக் கேலக்ஸின்னா இடைவெளி நிமிஷக்கணக்குலேர்ந்து மாசக்கணக்கு வரைக்கும் வரும், கேலக்ஸிக் கூட்டம்னா வருஷக்கணக்குல கூட இழுக்கும், அதனால எந்த லென்ஸ மனசுல வச்சுக் கணக்குப் போடுறோமோ அதப் பொறுத்துதான் அந்த ரெண்டு நாள் இடைவெளி சாட்சியா இல்லையான்னே முடிவாகுது. கடைசில அது லென்ஸ்னு உறுதியாகல.

எனக்கு இதவிட சுவாரசியமா படுறது 2023 நவம்பர் 23ல வந்த ஒத்த அலை. சூரியனப் போல 137 மடங்கும் 103 மடங்கும் இருக்கற ரெண்டு கருந்துளை மோதுன கேஸ், அலை நமக்குப் பிடிபட்டது ஒரு நொடில பத்துல ஒரு பங்கு நேரம்தான். லென்ஸ் சின்னதா இருந்தா ரெண்டு பிம்பமும் தனித்தனியா வராம ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து அலையில ஒரு நெளிவு வரும், சரி. ஆனா கருந்துளை பம்பரம் சாயற மாதிரி தள்ளாடிக்கிட்டே சுத்துனாலும் நெளிவு வரும். மோதல்ல வர்ற அலை எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்ற மாடல்ங்க இருக்கு, அதுல இந்தத் தள்ளாட்டத்த சரியாச் சொல்லாத மாடல வச்சுப் பாத்தீங்கன்னா மிச்சம் நிக்கிற நெளிவெல்லாம் லென்ஸ் தலையில விழுந்துடும். அந்த அலைய அஞ்சு மாடல் வச்சு அளந்தாங்க, அஞ்சும் ஒரே விடை சொல்லல, சுழற்சி ரொம்ப வேகம்ங்கறதால மாடலுங்களே அங்க திணறுது. இந்த நிலைமைல ஒரே ஒரு மாடல வச்சு "லென்ஸ்தான்"னு யாராச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: லென்ஸ்னு கண்டுபிடிக்காம விட்டுட்டா என்ன குறைஞ்சுபோச்சு? (கோவை வாசகி)

பதில்: எடை தப்பாகும்மா. லென்ஸ் அலையப் பெருசாக்கிடும், நாம அத பக்கத்துலேர்ந்து வந்ததா நினைச்சுக்குவோம். பிரபஞ்சம் விரியறதால தூரத்து அலை இழுபட்டு வரும், இழுபட்ட அலை கருந்துளைய நிஜத்தவிட கனமாக் காட்டும், அதக் கழிச்சுதான் நிஜ எடை. பக்கம்னு நினைச்சா கம்மியாக் கழிப்போம், சாதா கருந்துளை கூட பூதமாத் தெரியும். அந்த 137 மடங்கு மேலயும் சிலருக்கு இந்த சந்தேகம் இருக்கு.