கணவன் மனைவியாக வெளிநாட்டுக்கு மிஷனரி ஊழியத்துக்குப் போனால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நானும் என் கணவரும் 2007 முதல் 2010 வரை பப்புவா நியூ கினியாவில், நியூ பிரிட்டன் தீவின் கிழக்கு முனையில் இருந்தோம். சபை ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பள்ளியில் அவர் ஆசிரியர். நான்? நியமனக் கடிதத்தில் 'மனைவி' என்று இருந்தது. எனவே மனைவி பக்கத்துக் கதையையே சொல்கிறேன்.

நாகர்கோவில்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்து மயிலாடிக்கு வந்தது லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியாக. அதே சங்கம் 1870-களில் பப்புவாவின் தென்கரைக்கும் போனது. அதனால் இந்த இரண்டு பக்கத்துச் சபைகளும் ஒரு வகையில் ஒரே தாய் பிள்ளைகள். ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிக்கொள்வது உண்டு. நாங்கள் இருந்த பகுதிக்கு வந்தது மட்டும் மெதடிஸ்ட் மிஷன். 1875-ல் ஜார்ஜ் பிரவுன் என்ற மிஷனரியோடு ஃபிஜித் தீவிலிருந்து உபதேசியார்கள் தங்கள் மனைவிமாரோடு வந்து இறங்கினார்கள். மிஷனரி என்றாலே வெள்ளைக்காரர் என்று ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்த எனக்கு, நம்மைப் போன்ற நிறத்துக் குடும்பங்கள்தான் அங்கே முதலில் போய்க் குடியேறின என்பது பெரிய ஆறுதல்.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் ஜெபம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எழுந்ததும் நான் செய்தது தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பது. கூரையில் விழும் மழைநீர்தான் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும். தகரத் தொட்டியை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தால் 'டங்' என்பது 'தொப்' என்று மாறும் இடம் வரும், அதுவரைதான் தண்ணீர். இதில் தவுர்வுர் என்ற எரிமலை வேறு. 1994-ல் அதுவும் எதிரே இருந்த வுல்கனும் சேர்ந்து வெடித்ததில் ரபாவுல் நகரம் சாம்பலில் புதைந்து, மாகாணத் தலைநகரமே கோக்கோபோவுக்கு இடம் மாறியது. 2006 அக்டோபரில் மறுபடி பெரிதாக வெடித்தது. நாங்கள் போனபோதும் அடங்காமல் அவ்வப்போது புகைந்துகொண்டிருந்தது. காற்று நம் பக்கம் திரும்புகிறது என்றால் ஓடிப்போய்க் கூரைக் குழாயைக் கழற்ற வேண்டும், கொடியில் கிடக்கும் துணியை அள்ள வேண்டும். கழற்ற மறந்த வாரங்களில் குடிதண்ணீரில் கந்தக வாடை அடித்தது.

சாப்பாட்டில் கஷ்டப்படவில்லை. எங்கும் தென்னை. வாழையிலை விரித்து, கிழங்கு, கீரை, கோழியை வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சுட்ட கல்லை உள்ளே போட்டு மூடி வேகவைப்பார்கள். அதற்கு ஐகிர் என்று பெயர். கொஞ்சம் மிளகாய் மட்டும் இருந்தால் நம் வீட்டுக் குழம்புதான். பாக்கு போடுவதிலும் நம்மோடு ஒற்றுமை. ஆனால் வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள்.

மொழிதான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். அவர் வகுப்பில் ஆங்கிலத்திலேயே சமாளித்துவிட்டார். சந்தைக்குப் போவது நான். எனவே அந்த நாட்டின் பொதுமொழியான டோக் பிசின் எனக்குத்தான் முதலில் வந்தது. (மகளுக்கு எனக்கும் முன்னாலேயே வந்துவிட்டது, அது வேறு கதை.) அந்த மொழியில் 'நாம்' என்பதற்கு யுமி, 'நாங்கள்' என்பதற்கு மிபெலா. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவார்கள். நமக்குத் தாய்ப்பாலோடு வந்த வித்தியாசம். ஆனால் என் கணவர் ஆங்கிலத்தில் யோசித்து ஜெபிக்கிறவர் போலிருக்கிறது. முதல் தடவை கோயிலில் டோக் பிசினில் ஜெபித்தபோது, 'ஆண்டவரே, யுமி பாவம் செய்தோம்' என்றார். அதாவது ஆண்டவரையும் சேர்த்து! சபை மரியாதையாக ஆமென் சொன்னது. பின் வரிசையில் பெண்களின் தோள்கள் குலுங்கின. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, 'எங்கள் பிதாவே'ன்னுதானே நம்ம ஊர்ல சொல்றோம், 'நம் பிதாவே'ன்னா சொல்றோம்? இங்கேயும் பாப்பா பிலோங் மிபெலாதான்" என்றேன். அன்றிலிருந்து அவருடைய பிரசங்கம் சனிக்கிழமை இரவு என் கைக்கு வந்துதான் ஞாயிறு பீடத்துக்குப் போனது.

மாணவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கிப் படிப்பார்கள். அவர்களுடைய மனைவிமாருக்குத் தையல், வாசிப்பு, பிள்ளை வளர்ப்பு என்று வகுப்பு எடுத்தேன். அங்கே பெண்கள் போடும் தொளதொள சட்டைக்கு மேரி பிளவுஸ் என்று பெயர். மிஷனரிகள் கொண்டுவந்த உடை, இன்று தேசிய உடைபோல ஆகிவிட்டது. அதை வெட்டித் தைக்கச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் மேலாடை போடும் உரிமைக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் போராடிய தோள்சீலைக் கதையும், நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மால்ட் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள்.

மாலையும் இரவும் நம்முடையவை அல்ல. பள்ளியில் இருந்தது ஒரே வண்டி. பிரசவ வலி, மலேரியா, சாவு எல்லாவற்றுக்கும் அதுதான். நள்ளிரவில் கதவைத் தட்டினால் அவர் சாவியை எடுப்பார், நான் ஃபிளாஸ்க்கை எடுப்பேன்.

சண்டை வராதா என்று கேட்பவர்களுக்கு: வந்தது. ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் பன்னிரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் இருந்தது ஒரு கோழி. எப்படியோ பரிமாறி அனுப்பிவிட்டு, கிழி கிழி என்று கிழித்தேன். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். ஆனால் அங்கே ஜன்னலெல்லாம் லூவர், கண்ணாடிப் பட்டைகள். மூடினாலும் சத்தம் வெளியே போகும். மறுநாள் தையல் வகுப்பில் மூத்த பெண் ஒருத்தி மெதுவாக, "மிசிஸ், வயிறு இன்னும் சூடாகத்தான் இருக்கிறதா?" என்றாள். கோபத்துக்கு அவர்கள் பெல்ஹாட் என்பார்கள், வயிறு சுடுவது. நமக்கு வயிறு எரிந்தால் பொறாமை, அவர்களுக்குக் கோபம்.

இராத்திரி வீடுகளில் இதுதான் பேச்சாம். டீச்சர் அடிப்பாரா என்று காத்திருந்தார்களாம். அடிச் சத்தம் வரவில்லை. வெளிக்குழாயடியில் பாத்திரச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் டீச்சர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பன்னிரண்டு தட்டையும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "அது உங்கள் ஊர் வழக்கமா, இல்லை பைபிளில் இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊர் வழக்கம் இல்லை என்று மட்டும் உண்மையைச் சொன்னேன். அந்த வாரம் மாணவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

இதையெல்லாம் ஊருக்கு எழுதும் மாதக் கடிதத்தில் எழுத முடியாது. அதில் எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். 'தொட்டியில் அடைப்பு எடுத்தோம்' என்று ஒரு மாதம் எழுதினேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டார்.

நீங்களும் மனைவியாகப் போகிறவர் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன்பே அந்த ஊர் மொழியைப் படிக்கத் தொடங்கிவிடுங்கள். அவர் படிப்பார், நமக்குச் சொல்லித் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம், குக்கர் கேஸ்கெட் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோனேன்.