பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்த கால்: உடல்வழி உளச்சிகிச்சை பற்றி ஒரு பதில்

“பேசிப் பேசியும் தீராத மன அதிர்ச்சியை உடலின் வழியாகத் தீர்க்கலாம் என்கிறார்களே, இந்த உடல்வழி உளச்சிகிச்சை உண்மையில் பயன் தருமா, அல்லது இதுவும் ஒரு வியாபாரமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயன் தந்தது. ஆனால் அது ஏன் பயன் தருகிறது என்று அந்தத் துறையினர் சொல்லும் காரணங்களில் பாதியை நான் நம்பவில்லை. நான் மருத்துவரும் அல்ல, உளவியலாளரும் அல்ல. வங்கியில் வேலை பார்ப்பவள். சிகிச்சை பெற்றவள், அதன் பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு.

2018 மே மாதத்தில் ஒரு மாலை, திருச்சியிலிருந்து சென்னைக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். ஒரு சுங்கச்சாவடியில் வரிசையின் கடைசி வண்டியாக நின்றிருந்தபோது, வேகம் குறையாமல் ஒரு லாரி பின்னால் வருவது உள்கண்ணாடியில் தெரிந்தது. முன்னால் வண்டி, இரு பக்கமும் தடுப்பு. எங்கும் நகர வழியில்லை. பிரேக்கின் மேல் ஏற்கெனவே இருந்த வலது காலை இன்னும் பலமாக அழுத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. காரின் பின்பகுதி நசுங்கியது. எனக்குக் கழுத்தில் தசைப்பிடிப்பும், சீட் பெல்ட் அழுந்திய வலது தோளில் இரத்தக்கட்டும் மட்டுமே. ஆறு வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

சரியாகாதது வேறொன்று. பிறர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் என் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தும்; இறங்கும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். ஏர் ஹாரன் கேட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்திருந்ததைப் பல் மருத்துவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஈசிஜி, எக்கோ, தைராய்டு என்று பார்த்த பரிசோதனைகள் எல்லாம் இயல்பாகவே வந்தன. மனநல மருத்துவர் ஒருவர்தான் இதை மனவடு நோய் என்று இனங்கண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, பேச்சுவழிச் சிகிச்சைக்கும் அனுப்பினார். (ட்ராமா என்பதை நம் பக்கத்தில் ‘அதிர்ச்சி’ என்றே எழுதிவிடுகிறோம், ஈழத் தமிழர்கள் ‘மனவடு’ என்கிறார்கள். அதிர்ச்சி நடந்த நொடியைக் குறிக்கிறது, வடு நடந்து முடிந்த பின்னும் எஞ்சுவதைக் குறிக்கிறது; ஆகவே அந்தச் சொல்லையே நான் எடுத்துக்கொள்கிறேன்.) மாத்திரை தூக்கத்தைக் கொஞ்சம் திருப்பித் தந்தது. பேச்சுச் சிகிச்சையில் நான் நன்றாகவே பேசினேன்; நாள், நேரம், லாரியின் நிறம் உட்பட அந்த விபத்தை ஒரு தணிக்கை அறிக்கை போல ஒப்பித்துவிடுவேன். கால் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நிலையில்தான், தோழி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு, ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன். ஏறத்தாழ 40 பேர் ஒரு கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, இசைக்கு ஏற்ப வேகவேகமாக மூச்சு விட வேண்டும். அழத் தோன்றினால் அழலாம், கத்தத் தோன்றினால் கத்தலாம். கால் மணி நேரத்தில் என் உதடுகள் மரத்துப்போய், விரல்கள் உள்நோக்கி மடங்கி விறைத்துக்கொண்டன. உள்ளே தேங்கிக் கிடந்தது வெளியேறுகிறது என்று நடத்தியவர் மகிழ்ந்தார். வெளியேறியது கரியமில வாயு என்று பின்னர் என் மருத்துவர் விளக்கினார்: மிகையாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, காரத்தன்மை கூடி, இரத்தத்தில் கட்டின்றி உலவும் கால்சியத்தின் அளவு இறங்குவதால், நரம்புகள் தாமாகவே தூண்டப்பட்டுத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. மனவடு என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரைப் படுக்கவைத்து மூச்சு விடச் சொன்னாலும் இது நடக்கும். அந்த இரண்டு நாள்களுக்குப் பிறகு பத்து நாள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடல்வழிச் சிகிச்சை என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு எண்ணங்கள் விற்கப்படுகின்றன, இரண்டுக்கும் பாட்டனாராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஒருவரே. பிராய்டின் வட்டத்திலிருந்து வந்த வில்ஹெல்ம் ரைக், தாங்க முடியாத உணர்ச்சிகளை மனிதர்கள் தசை இறுக்கமாக, ஒரு கவசம் போல, உடலில் அணிந்துகொள்கிறார்கள் என்று 1930களில் எழுதினார்; நோயாளி சொல்வதைக் கேட்பதோடு, சொல்லும்போது அவருடைய தாடையும் தோளும் மூச்சும் என்ன செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கவனிப்பு இன்றளவும் நிற்கிறது. அதே ரைக் பிற்காலத்தில் ‘ஆர்கோன்’ என்றொரு பிரபஞ்ச சக்தியைப் பெட்டிக்குள் சேமிக்கலாம் என்று கிளம்பி, அந்தப் பெட்டிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கூடாதென்ற தடை மீறப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று, 1957இல் அமெரிக்கச் சிறையிலேயே இறந்துபோனார். அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் 1950களில் நியூயார்க்கில் வளர்த்தெடுத்த பயோஎனர்ஜெடிக்ஸ் முறையில் மெத்தையை உதைப்பதும் அடிப்பதும் குரலெடுத்துக் கத்துவதும் உண்டு. கவசத்தை உடைத்துவிட்டால் உள்ளிருக்கும் மனிதர் விடுபடுவார் என்பது எண்ணம். நான் போன பயிலரங்கு அந்த எண்ணத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை.

மற்ற கிளை அமைதியானது. சிகாகோவில் ஆய்வு செய்த யூஜின் ஜென்ட்லின், சிகிச்சையில் தேறுபவர்கள் சரளமாகப் பேசுபவர்கள் அல்லர், பேச்சை நிறுத்தி உடலுக்குள் தெளிவில்லாமல் தென்படும் ஓர் உணர்வைத் தேடித் தடுமாறுபவர்கள்தாம் என்று கண்டார். (தணிக்கை அறிக்கை ஒப்பித்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.) பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பாட் ஆக்டன் உருவாக்கிய சென்சரிமோட்டர் சைக்கோதெரபி ஆகியவை இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. இவை கவசத்தை உடைப்பதில்லை. ஒரு முடிச்சை நகத்தால் நெருடித் தளர்த்துவதைப் போன்ற வேலை.

எனக்குச் சிகிச்சை தந்தவர் மருத்துவ உளவியலில் எம்.பில். முடித்து, லெவின் முறையில் மூன்றாண்டுப் பயிற்சியும் பெற்றவர். முதல் இரண்டு அமர்வுகளில் விபத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அறையை மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லி, கண் எங்கே தங்க விரும்புகிறதோ அங்கே தங்கட்டும் என்றார். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும் ஏசியின் வெளிப்பெட்டியும் இருந்தன. 2,000 ரூபாய் கொடுத்து வேப்பமரம் பார்க்கவா வந்தேன் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் அமர்வில், “ஏர் ஹாரன் கேட்டா வயித்துல புளியைக் கரைக்குது மேடம்” என்றேன். மற்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவர்கள். இவர் மட்டும், “வயித்துல எந்த இடத்துல? தொப்புளுக்கு மேலயா, கீழயா? எவ்வளவு பெருசா இருக்கு?” என்று கேட்டார். நான் கண்ணை மூடித் தேடினேன். தொப்புளுக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, ஒரு கைப்பிடி அளவு, குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு மூச்சு நேரம் அதோடு இருக்கச் சொன்னார். உடனே அதை விட்டுவிட்டு, உடலில் எந்தச் சங்கடமும் இல்லாத ஓர் இடத்துக்குப் போகச் சொன்னார். நாற்காலியில் அழுந்தியிருந்த தொடைகள் எனக்கு அப்படிப்பட்ட இடம். அங்கிருந்து மறுபடி வயிறு, மறுபடி தொடை. முக்கால் மணி நேரம் இந்த ஊசலாட்டம்தான்.

இப்படிச் சிறிது சிறிதாகத் தொடுவதை இந்த முறையில் டைட்ரேஷன் என்கிறார்கள். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் குழாயைத் திருகித் துளித் துளியாக விட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அமிலத்தையும் காரத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். துளியாக விட்டால் உப்பும் தண்ணீரும் ஆகும். வார இறுதிப் பயிலரங்கில் எனக்கு நடந்தது கொட்டியது.

ஏழாவது அமர்வு என்று நினைவு. விபத்தின் முழுக் கதையையும் விட்டுவிட்டு, உள்கண்ணாடியில் லாரி தெரிந்ததற்கு முந்தைய நொடியில் மட்டும் நின்று, கால் என்ன செய்ய விரும்புகிறது என்று பார்க்கச் சொன்னார். வலது பாதம் வழக்கம்போல அழுத்தத் தொடங்கியது. சுவரோரம் ஒரு தடித்த திண்டை வைத்து, அதன் மேல் அழுத்தவிட்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக அழுத்தும்படி சொன்னார். அப்படி மெதுவாக்கியபோதுதான் அதுவரை நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது: பாதம் நேராக முன்னோக்கிப் போகவில்லை, வலப்பக்கமாக, கதவு இருந்த திசையில் திரும்பப் பார்த்தது. அந்தக் கால் பிரேக் பிடிக்க விரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓட விரும்பியது. தொடையில் லேசான நடுக்கம் வந்தது, பாதங்கள் சூடாயின, பிறகு தொடர்ச்சியாக நான்கைந்து கொட்டாவி. அழுகை வரவில்லை. எழுந்து அந்த அறைக்குள் வாசல் வரை ஐந்தாறு முறை நடந்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினால் கதை அழகாக முடியும். உண்மையில் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. மாற்றம் பல வாரங்களில், நான் கவனிக்காதபோது வந்தது. மொத்தம் 18 அமர்வுகள், ஏழு மாதங்கள். மாத்திரையை மருத்துவரின் மேற்பார்வையில் அதற்குப் பின்னரே குறைத்தேன்.

இனி, எனக்கு நம்பிக்கையில்லாத பாதி. புலியிடமிருந்து தப்பிய மான் உடலை உதறிக்கொண்டு இயல்பாகிவிடுகிறது, மனிதர்கள் அந்த உதறலை அடக்கிக்கொள்வதால் தப்பிக்க எழுந்த ஆற்றல் நரம்புகளில் சிக்கிக்கொள்கிறது என்பது லெவின் தரும் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் சிக்கிக்கிடக்கும் அப்படியொரு ஆற்றலை யாரும் அளந்து காட்டியதில்லை. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வெவ்வேறு கிளைகளே நாம் அமைதியாக இருப்பதையும் உறைந்துபோவதையும் ஆள்கின்றன என்று, இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டின் நிலையும் ஏறக்குறைய அதுதான். பாலூட்டிகளுக்கே உரியது என்று அவர் கருதிய இதய-மூச்சு இணைப்பு நுரையீரல் மீன்களிலும் இருப்பதை உடலியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு நம்பக்கூடியதாகத் தோன்றுவது இதைவிட எளியது: மனவடு உள்ளவர் தம் உடலின் உணர்வுகளையே ஆபத்தென்று அஞ்சி அவற்றை விட்டு ஓடுகிறார், பாதுகாப்பான ஓரிடத்தில், நம்பகமான ஒருவர் எதிரே இருக்க, அந்த உணர்வுகளோடு சிறுகச் சிறுகப் பழகும்போது அச்சம் தணிகிறது. பழைய நடத்தைச் சிகிச்சையாளர்களும் இதையேதான் வேறு வழியில் செய்தார்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை, மனவடு நோய்க்கு லெவின் முறையைச் சோதித்த முதல் சமவாய்ப்பு ஆய்வு (யாருக்குச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரித்துச் செய்வது) 2017இல் இஸ்ரேலிலிருந்து வந்தது: 63 பேர், வாரம் ஒன்றாக 15 அமர்வுகள், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது மனவடு அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. சும்மா காத்திருப்பவர்களோடு ஒப்பிடுவது எளிதான போட்டி என்பதையும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பல சிகிச்சைகளுக்கும் மசியாத மனவடு உள்ள 64 பெண்களில் பத்து வாரம் யோகப் பயிற்சி பெற்றவர்களில் 52 சதவீதத்தினரும், உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினரும் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தவை மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் முறை, மன அழுத்த மேலாண்மை ஆகியவைதான். சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் கடற்கரையிலும் இது நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், உளவியலாளர் ராஜா செல்வம் தலைமையில் வந்த ஒரு குழு தமிழகத்து மீனவ ஊர்களில் லெவின் முறையில் வேலை செய்தது. 150 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு 75 நிமிட அமர்வு; எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பெரிதும் தேறியதாகச் சொன்னார்கள் என்று 2008இல் வெளியான கட்டுரை கூறுகிறது. ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. எட்டு மாதத்தில் கடலுக்குத் திரும்பியதும் வலை கிடைத்ததும்கூட ஒருவரைத் தேற்றியிருக்கும். ஆகவே அந்த 90 சதவீதத்தை விளம்பரத்தில் பார்த்தால் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் வழி எனக்கு இதைவிடப் பிடித்தமானது: தலையிடி, உடம்புவலி என்று உடலின் மொழியிலேயே முறையிட்டு வந்தவர்களுக்கு, அவரவர் சமயத்துக்குப் பழக்கமான செபம், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு ஆகியவற்றை மருத்துவத்தோடு சேர்த்துக் கற்பித்தார். அங்கே யாரும் நரம்பில் சிக்கிய ஆற்றலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், முதலில் மருத்துவரிடம் உடற்பரிசோதனை முடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் படபடப்பு எல்லாமே மனவடு அல்ல. நம் நாட்டில் ‘சொமாட்டிக் தெரபிஸ்ட்’ என்று பலகை மாட்டத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே மனநல மருத்துவராகவோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராகவோ இருந்து, அதற்கு மேல் இந்தப் பயிற்சியைப் பெற்றவரைத் தேடுங்கள். உங்களைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறாரா, நீங்கள் ‘போதும்’ என்றால் அந்தக் கணமே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். முதல் நாளே முழுக் கதையையும் சொல்ல வைப்பவரிடமும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் இரண்டாம் முறை போகாதீர்கள். கட்டணம் கட்டுப்படியாகாதவர்களும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்களும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கால் முற்றாக அடங்கிவிட்டதா என்று கேட்பீர்கள். சென்ற மாதம் விழுப்புரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லாரி பின்னாலிருந்து நீளமாக ஹாரன் அடித்தது, என் பாதம் அழுந்தியது. ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “என்ன, பிரேக் பிடிச்சாச்சா?” என்றார். “பிடிச்சு விட்டாச்சு, நீங்க போங்க” என்றேன். சற்று நேரத்தில் தூங்கியும் விட்டேன்.