தோற்ற பிறகு எதைக் கழற்றினார்கள் என்று பாருங்கள்

கேள்வி: ஒரு ரோபோ சண்டை அணியின் போட்டி வரலாற்றை எப்படிப் படிப்பது? சில அணிகள் திரும்பத் திரும்ப வெல்லும்போது நம் மாவட்டக் கல்லூரி அணிகள் மட்டும் ஏன் முதல் சுற்றோடு ஊர் திரும்புகின்றன?

நாகர்கோவிலில் கோணம் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குளச்சல், சின்னமுட்டம் படகுகளுக்கு ஷாஃப்ட், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின்களுக்கு ரோலர், இவைதான் பிழைப்பு. குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை என்பதால், சண்டை ரோபோ வரைபடத்தோடு பையன்களும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவின் ரோபோ சண்டைத் தொலைக்காட்சித் தொடரான பேட்டில்பாட்ஸின் சண்டைகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். யார் வென்றார்கள் என்பதைவிட எந்த போல்ட் முதலில் போனது என்பதில்தான் எனக்குக் கண்.

வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அணியைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அவர்கள் எதைக் கழற்றினார்கள், எதில் கை வைக்கவில்லை என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அணியின் புத்தி அதில் தெரியும்.

பைட் ஃபோர்ஸ் என்ற ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் பேட்டில்பாட்ஸ் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது முதல் பட்டம் அதற்குத்தான். எடை வரம்பு 250 பவுண்டு, அதாவது 113 கிலோ சொச்சம். கோப்பை ஒரு ராட்சத நட்டு. (பட்டறைக்காரனைக் கேட்டால் இதைவிட மரியாதையான பரிசு கிடையாது.) அணித் தலைவர் பால் வென்டிமிக்லியா புதிய ஆளும் இல்லை. நிலவு மண்ணைப் போன்ற பொடியைத் தோண்டி எடுக்கும் ரோபோவுக்காக நாசா வைத்த போட்டியில், 2009இல் 5 லட்சம் டாலர் வென்ற அணி அவருடையது.

2015இன் பைட் ஃபோர்ஸில் சுழலும் ஆயுதம் கிடையாது. எதிரியைக் கவ்வித் தூக்கும் கை, டாங்கியில் இருப்பது போன்ற பட்டைத் தடம், அவ்வளவுதான். அதை வைத்தே இறுதிச் சண்டையில் டூம்ஸ்டோனை மடக்கினார்கள். டூம்ஸ்டோன் தரையை ஒட்டிச் சுழலும் கனத்த எஃகுப் பட்டை கொண்டது. அது அடித்தால் சக்கரங்கள் தனித்தனியாகப் பறக்கும்.

வென்ற அந்தக் கையை அடுத்த ஆண்டே கழற்றிவிட்டார்கள். 2016இல் வந்த பைட் ஃபோர்ஸின் முன்னால் செங்குத்தாகச் சுழலும் பட்டை. அந்த ஆண்டு சோம்ப் என்ற ரோபோவிடம் நடுவர் தீர்ப்பில் தோற்றது. அதன் வாழ்க்கையிலேயே கண்ட ஒரே தோல்வி அதுதான். பட்டம் டூம்ஸ்டோனுக்குப் போனது.

வேறு யாராக இருந்தாலும், "பழைய கையே நன்றாக இருந்தது" என்று திரும்பியிருப்பார்கள். இவர்கள் சுழலும் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, தடத்தை எடுத்துவிட்டு நான்கு சக்கரம் போட்டார்கள். 2018இல் பிரேசிலின் மினோட்டார், 2019இல் விட்ச் டாக்டர், இரண்டையும் இறுதிச் சண்டையில் வீழ்த்தி மொத்தம் மூன்று நட்டு. 2020 முதல் களத்துக்கு வரவில்லை.

செங்குத்துப் பட்டைக்கு அப்படி என்ன சிறப்பு? கீழிருந்து மேலே அடிக்கும்போது எதிராளி காற்றில் போவான். அடித்தவனைத் தரை தாங்கிக்கொள்ளும். படுக்கையாகச் சுழலும் பட்டை அடித்தால் எதிர்விசை தன்னையே பக்கவாட்டில் தூக்கி வீசும், தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. செங்குத்துக்கும் விலை உண்டு. வேகமாகத் திரும்பினால் கைரோ விசையில் (சுழலும் பொருள் திசை மாற மறுக்கும் முரண்டு) ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். ஓட்டுபவருக்குப் பயிற்சி இல்லையென்றால் எதிரியே தேவையில்லை.

டூம்ஸ்டோனின் ரே பில்லிங்ஸ் வேறு ரகம். ஆயுதத்தை மாற்றவே மாட்டேன் என்று இருப்பவர். 2015இல் இரண்டாம் இடம், 2016இல் முதலிடம், இரண்டும் அதே படுக்கைப் பட்டையால்தான். ஆகவே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவரவில்லை. எதை மாற்றக் கூடாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

பிரிட்டனின் ரோபோ வார்ஸ் தொலைக்காட்சித் தொடரில் ரேசர் என்று ஒன்று இருந்தது. ஹைட்ராலிக்கில் இயங்கும், பறவை மூக்கு போன்ற அலகால் எதிரியின் தகட்டைத் துளைத்து நசுக்கும். என் கண்ணுக்கு அதைவிட அழகான சண்டை ரோபோ இதுவரை வரவில்லை. அந்த அழகோடு ஆரம்பப் பருவங்களில் இறுதிவரை எட்டாமலே வெளியேறியது. ஐந்தாம் பருவத்தில்தான் பட்டம். அடுத்த பருவ இறுதியில் டொர்னேடோ அணி தங்கள் ரோபோவைச் சுற்றி ஒரு சட்டகம் மாட்டிக்கொண்டு வந்தது. அலகால் உடலை எட்டவே முடியவில்லை. கடைசியில் ரேசர் களத்தில் இருக்கும் குழியில் விழுந்து தோற்றது. அது நியாயமா என்று ரசிகர்கள் நெடுநாள் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் முழு நியாயம். விதி அனுமதித்ததை ஒருவர் படித்தார், மற்றவர் படிக்கவில்லை.

இப்போது நம் ஊர்க் கதை. ஒரு கல்லூரி அணி (பெயர் வேண்டாம்) 15 கிலோ பிரிவுக்கு டிரம் ஆயுதம், அதாவது பல் வைத்துச் சுழலும் உருளை, வைத்த ரோபோ செய்தது. ரப்பர் ஷீட் ரோலர் கடைந்த கைக்கு டிரம் புதிதில்லை. பல்லுக்கு லாரி லீஃப் பிளேட்டை எடுத்தோம். வளையும், எளிதில் உடையாது. மிகக் கடினமான எஃகைப் போட்டுப் பதம் ஏற்றினால் கேட்க நன்றாக இருக்கும், முதல் அடியில் கண்ணாடியாக நொறுங்கும்.

பையன்கள் நான்கு பல் கேட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். டிரம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிரியை நோக்கிப் போனால், ஒரு சுற்றுக்குள் 10 சென்டிமீட்டர் நகர்கிறோம். ஒரே பல் என்றால் அது அவ்வளவு ஆழம் உள்ளே போய்க் கடிக்க இடம் உண்டு. நான்கு பல் என்றால் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதற்கும் குறைந்தால் வெறுமனே உரசும், பொறி பறக்கும், கைதட்டல் வரும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. சுற்றை இருமடங்கு கூட்டினால் ஆற்றல் நான்கு மடங்காகும், கடி பாதியாகும். கடைசியில் இரண்டு பல்லுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒற்றைப் பல் இன்னும் நல்லது. ஆனால் எதிர்ப்பக்கம் எடை வைத்துச் சமன் செய்யாவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும்.

முதல் சண்டையில் நன்றாகவே அடித்தார்கள். திடீரென்று ரோபோ நின்றது. நடுவர் பத்து எண்ணினார், முடிந்தது. திறந்து பார்த்தால், தன் அடியின் அதிர்ச்சியிலேயே பேட்டரி ஒயரின் ஈயப் பற்று விட்டுப் போயிருந்தது.

அந்த அணி படிப்பு முடித்துப் போய்விட்டது. அடுத்து வந்தவர்களிடம் இருந்தது ஒற்றை வரிதான்: முதல் சுற்றில் தோல்வி.

"அண்ணாச்சி, டிரம் தோற்றுப்போன டிசைன்தானே? நாங்கள் காற்றழுத்தத்தில் தூக்கி எறிகிற மாதிரி செய்யப்போகிறோம்."

பழைய டிரம்மை எடுத்துப் போட்டேன். பல் லேசாக மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். "தோற்றது இது இல்லை, ஈயம்" என்றேன். கேட்கவில்லை. சிலிண்டர், வால்வு, குழாய் என்று ஒரு பருவம் முழுக்கக் கசிவோடு மல்லுக்கட்டினார்கள். போட்டியில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கடுத்த அணியில் ஒரு பெண் இருந்தாள். வந்தவுடன் வரைபடத்தைக் காட்டவில்லை. பழைய உடைந்த சாமான் எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள். அதே டிரம், அதே பேரிங். மாற்றியது ஒயர் இணைப்பை மட்டும்: ஈயத்துக்குப் பதில் அழுத்திப் பிடித்த கிரிம்ப் லக், பேட்டரிக்கு அடியில் நம்மூர் ரப்பர் ஷீட் மெத்தை. அரையிறுதி வரை போனார்கள். அங்கே பெல்ட் கழன்றது. உடனே சிலர் செயின் போடலாம் என்றார்கள். பெல்ட் அடியின்போது கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல்தான் மோட்டாரைக் காப்பாற்றுகிறது. செயின் அந்த அதிர்ச்சியை நேரே மோட்டாருக்கு அனுப்பிவிடும். மாற்ற வேண்டியது கப்பியின் விளிம்பு உயரம்.

ஆகவே கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை, நினைவுதான் தங்குவதில்லை. வென்டிமிக்லியா 2016இல் தோற்றபோது எது ஏன் போனது என்று அறிந்த அதே ஆட்கள்தான் 2018க்கும் உட்கார்ந்து யோசித்தார்கள். கல்லூரி அணியில் தோற்றவர் வேலைக்குப் போய்விடுகிறார், உடைந்த பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எதிரியின் ஆயுதம், முதலில் நின்ற பாகம், அது நின்றது எதிரியின் அடியாலா தன் அடியாலா. உடைந்ததைச் சீட்டுக் கட்டி வையுங்கள். பிரேசிலின் ரியோபாட்ஸ், அதாவது மினோட்டாரைச் செய்த பல்கலைக்கழக அணி, தன் அனுபவத்தை இலவசக் கையேடாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. பொருள் தேர்விலிருந்து பேட்டரி வரை அதில் உண்டு. அதை முதலில் படியுங்கள்.

பிறகு பட்டறைக்கு வாருங்கள். ஆனால் ஏப்ரல் நடுவில் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை தொடங்கினால், மேற்குக் கரைத் தடை ஜூலையில் முடியும்வரை எனக்குக் கரையேறிய படகுகளின் வேலைதான். ரோபோ சண்டை நடக்கும் மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட் விழா டிசம்பரில் வரும். ஆகஸ்டில் வந்தால் டிரம் கடைய நேரம் இருக்கும்; நவம்பர் கடைசியில் ஓடி வந்து நின்றால் பல் மட்டும்தான் தீட்டித் தர முடியும்.