பாதுகாப்பு விசாவோடு பாங்கொக் போகலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எனக்கு 866, அதுதான் பாதுகாப்பு விசா, கிடைச்சிட்டுது. மெல்பேர்ணில ஒரு கிளப்புக்கு விளையாடுறன். சீசன் முடிய பெடியள் எல்லாரும் பாங்கொக் போகினம், என்னையும் வரச் சொல்லினம். அம்மாவும் அங்க வந்து என்னைப் பாக்கலாம் எண்டு சொல்றா. ஊரில என்ர பேரில ஒரு பழைய வழக்கு இருக்கு. பயண ஆவணம் கையில இருக்குத்தானே, போகலாமோ? வழக்கைப் பற்றிக் கிளப்பில சொல்லலாமோ?"

தம்பி, இப்போது போகாதேயும். கிளப்பில் கட்டாயம் சொல்லும். இரண்டையும் ஹக்கீம் அல் அரைபிக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். நீர் வந்து இறங்கும் முன் நடந்தது என்பதால் உமக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். உம்மைப் போலவே மெல்பேர்ணில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பெடியன் அவர்.

பஹ்ரெய்ன் உதைபந்தாட்ட அணிக்கு விளையாடிய பின்கள வீரர். 2011 பெப்ரவரியில் அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அதை அடக்கியபோது விளையாட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. 2004 ஆசியக் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரான அலா ஹுபைலையும், அவருடைய சகோதரர் முகமதுவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நாட்டுக்காக ஓடிய கால்கள் என்ற மரியாதைகூட மிஞ்சவில்லை. 2012 நவம்பரில் ஹக்கீமின் முறை வந்தது. பொலிஸ் நிலையத்தைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் தான் தொலைக்காட்சியில் நேரடியாகப் போன ஒரு போட்டியில் விளையாடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். யார் கேட்டார்கள்? தடுப்பில் கண்ணைக் கட்டிக் கால்களில் அடித்தார்கள் என்று பின்னர் சொல்லியிருக்கிறார். 2014இல் அவர் நாட்டில் இல்லாமலே பத்து வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அதே வருடம் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தார். 2017 நவம்பரில் அகதி அந்தஸ்து கிடைத்தது. மெல்பேர்ணின் பாஸ்கோ வேல் கிளப்புக்கு விளையாடத் தொடங்கினார், கலியாணம் கட்டினார்.

ஒரு வருடம் கழித்து, 2018 நவம்பர் 27, மனைவியோடு தேனிலவுக்கு பாங்கொக் போய் இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். பஹ்ரெய்ன் கேட்டு, நாடுகளின் பொலிஸாரை இணைக்கும் இன்டர்போல் அமைப்பு அவர் பெயரில் ஒரு சிவப்பு அறிவித்தல், அதாவது ஆளைத் தேடிப் பிடிக்கச் சொல்லி மற்ற நாடுகளின் பொலிஸாருக்கு விடும் வேண்டுகோள், போட்டிருந்தது, அதுவும் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான். எந்த நாட்டிலிருந்து ஒருவர் அகதியாகத் தப்பி வந்தாரோ அந்த நாடு கேட்டு அவர்மேல் அறிவித்தல் போடக்கூடாது என்பது இன்டர்போலின் சொந்தக் கொள்கை. அப்படியிருந்தும் போட்டார்கள். பிறகு சில நாளில் நீக்கினார்கள். நீக்கிய பிறகும் தாய்லாந்து அவரை விடவில்லை. அதற்குள் பஹ்ரெய்ன் நேரடியாகவே நாடுகடத்தச் சொல்லிக் கேட்டிருந்தது.

நீர் நன்றாகக் கவனிக்கவேண்டியது இனித்தான். அவர் வருகிறார் என்று தாய்லாந்துக்குத் தகவல் கொடுத்தது அவுஸ்திரேலியச் சமஷ்டிப் பொலிஸில் உள்ள இன்டர்போல் பிரிவு. இவருக்குப் பாதுகாப்பு விசா இருக்கிறது என்ற விபரம் எல்லைப் படையிடமிருந்து பொலிஸுக்குப் போய்ச் சேரவில்லை. உமக்கு விசா தந்த அரசாங்கத்தின் ஒரு கைக்கு மற்றக் கை செய்தது தெரியாமல் போகலாம். அதற்குப் பிறகு நடைமுறைகளைத் திருத்தினார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்தத் திருத்தத்தை நம்பி நீர் போய் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

866இல் 8559 என்று ஒரு நிபந்தனை இருக்கும், கடிதத்தை எடுத்துப் பாரும். எழுத்தில் அனுமதி பெறாமல் சொந்த நாட்டுக்குப் போகக்கூடாது என்பது அது. "அப்ப மற்ற நாடு எல்லாம் போகலாம்தானே" என்று பெடியள் அதை விளங்கிக்கொள்கிறார்கள். விசா அதைத் தடுக்காது, சரி. ஆனால் போன இடத்தில் உம்மைக் காப்பாற்றவும் மாட்டாது. தாய்லாந்து 1951 அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. மலேசியா, இந்தோனேசியா, இந்தியாவும் அப்படித்தான். அம்மாமாரைச் சந்திக்க நம்மவர்கள் தெரிவுசெய்கிற நாடுகள் பெரும்பாலும் இவைதான் என்பது எனக்குப் பெரிய கவலை. ஹக்கீமின் விசயத்தில் தாய்லாந்துக்கும் பஹ்ரெய்னுக்கும் இடையில் நாடுகடத்தும் ஒப்பந்தமே இல்லை. அப்படியிருந்தும் இரண்டரை மாதம் சிறையில் இருந்தார்.

2019 பெப்ரவரி 4 அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த படத்தைத் தேடிப் பாரும். வெறுங்கால், கணுக்காலில் சங்கிலி. பந்தை உதைத்துச் சீவித்த ஒருவனின் கால் அது. என்னை பஹ்ரெய்னுக்கு அனுப்பாதேங்கோ என்று அங்கு நின்றவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கும் விடவில்லை, அடுத்த தவணையை ஏப்ரலுக்குப் போட்டார்கள்.

பிறகு எப்படி வெளியே வந்தார்? அங்கேதான் உம்முடைய இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. பாஸ்கோ வேல் கிளப்காரர் "இவன் எங்கட பெடியன்" என்று நின்றார்கள். அவுஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் கிரேக் ஃபொஸ்டர் பாங்கொக் சிறைக்குப் போனார், சூரிச்சில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபாவின் வாசலுக்கும் போனார். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் ஷேக் சல்மான் பஹ்ரெய்ன் அரச குடும்பத்தவர். ஹக்கீம் 2016இலேயே அவரைப் பகிரங்கமாக விமர்சித்திருந்தார். தன்னுடைய வீரன் ஒருவன் சிறையில் கிடக்க, அந்தச் சம்மேளனம் வாயைத் திறக்க சனவரிக் கடைசி ஆயிற்று. இதை இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவுஸ்திரேலியா தன் 23 வயதுக்குட்பட்ட அணியின் தாய்லாந்துப் போட்டியை நிறுத்தியது. பெப்ரவரி 11 வழக்கைக் கைவிட்டார்கள், அடுத்த நாள் மெல்பேர்ண் வந்து இறங்கினார். மார்ச் 12 பிரஜாவுரிமை.

பந்து விளையாடாத, ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒருவர் அதே அறிவித்தலில் பிடிபட்டிருந்தால் யார் சூரிச்சுக்குப் போயிருப்பார்கள்? ஆனபடியால் பயிற்றுநரிடமும் கிளப் தலைவரிடமும் உமது நிலைமையைச் சொல்லி வையும். முழுக்கதையும் வேண்டாம், ஏன் ஊருக்குப் போகமுடியாது, ஏன் பாங்கொக் வரவில்லை என்பது போதும். உம்முடைய சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம் அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும். கூட விளையாடுகிறவர்கள் குறை நினைக்கமாட்டார்கள்.

அம்மா விசயம். முதலில் அவவுக்கு இங்கே வர வருகை விசாவுக்குப் போடும். மறுக்கவும்கூடும், அது எனக்குத் தெரியும். ஆனால் மறுப்புக் கடிதத்தால் ஒருவரும் சிறைக்குப் போவதில்லை. பிரஜாவுரிமைக்குப் பொதுவாக நாலு வருடம் சட்டப்படி இங்கே இருந்திருக்கவேண்டும், அதில் கடைசி ஒரு வருடம் நிரந்தர வதிவிடத்தோடு. விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் எது கணக்கில் வரும் என்று சட்டத்தரணியிடம் கேளும். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு கிடைத்தாலும் பழைய வழக்கு அழியாது. ஆனால் பிடிபட்டால் தூதரகம் உம்மை வந்து பார்ப்பதற்குச் சட்டப்படி உரிமை இருக்கும்.

இன்டர்போலின் கோவைகளில் உமது பெயர் இருக்கிறதா என்று கேட்க லியோனில் அவர்களுக்கு ஓர் ஆணைக்குழு இருக்கிறது. யாரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை, பதில் வர மாதக்கணக்கில் செல்லும். அதற்கு முன் ஊரில் ஒரு சட்டத்தரணி மூலம் வழக்கு இலக்கம், எந்த நீதிமன்றம், பிடியாணை இருக்கிறதா என்ற விபரங்களை எடுப்பியும். அவை கைக்கு வந்தவுடன் எனக்கு எழுதும்.