கற்பனை இனத்தை அடுப்படி வரை கொண்டுபோய்ப் பாருங்கள்

மிகைபுனைவுக் கதைக்கு மனிதரைப் போன்ற புதிய இனங்களை எப்படிக் கற்பிப்பது, எதை யோசித்தாலும் யாரோ எழுதிவிட்டதாகத் தோன்றுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கூர்மையான காது, நீண்ட ஆயுள், வனவாசம் என்று தொடங்கிப் பாதியில் மனம் சோர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரனான நான், என் முதல் நாவலில் அத்தகைய வனவாசிகளுக்குச் சங்ககாலப் பெயர்களைச் சூட்டி, கண்ணால் கண்டிராத பனிமலையில் குடியேற்றினேன். கைப்பிரதியை வாங்கிய பதிப்பகம் 2 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, டெல்டாக்காரர் வயலைப் பற்றி எழுதலாமே என்ற ஒற்றை வரியுடன் திருப்பி அனுப்பியது. நாவலின் குறை என்னுடையதுதான். ஆனால் அந்த வரி இன்றும் உறுத்துகிறது. பொய்ச்சாட்சி சொல்பவரைக் கயிற்றால் கட்டி, அறைந்து தின்னும் பூதத்தைச் சிலப்பதிகாரம் நிறுத்தியது காவிரி கடலில் கலக்கும் புகாரின் நாற்சந்தியில் அல்லவா?

சில மாதங்கள் கழித்து, ஜாம்பவானோடையிலிருந்து படகில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனேன். படகோட்டி ஒரு கிளையை வளைத்து, "இந்த இலையை நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். இலைமேல் மாவு தூவியதுபோல் படிந்திருந்த வெண்பொடி கரித்தது. வேர் உறிஞ்சும் உவர்நீரில் மிஞ்சும் உப்பை அந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

தோலில் உப்புப் பூக்கும் உவரர் என்ற இனம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். மனித உடம்பில் இது நடக்காது என்று உயிரியல் படித்தவர்கள் சொல்லக்கூடும். நான் கேட்டுக்கொண்டது, நடந்தால் அடுப்படியில் என்ன ஆகும் என்பதை மட்டுமே. உப்பெல்லாம் தோல் வழியே போய்விடுவதால் உவரரின் கண்ணீர் கரிக்காது. வீட்டின் மூத்தவள் தன் முன்கையைச் சுரண்டி எடுக்கும் உப்புதான் குழம்பில் விழும். ஆகவே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வது அவர்களிடம் சட்டமாகவே இருக்கிறது. ஒரு வீட்டில் உண்டவர் அந்த வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்று காத்திருந்தே வளர்ந்த கடைமடைக்காரன் நான். அந்தக் காத்திருப்பை அவர்களுக்கு அச்சமாக மாற்றிக் கொடுத்தேன். ஆற்றில் நன்னீர் வந்தால் உப்புப் பூப்பது நின்றுவிடும். உப்பில்லாத நாட்களில் சத்தியம் செல்லாது என்பதால், வெள்ளக் காலத்தில் பெண் கொடுப்பதும் இல்லை, நிலம் விற்பதும் இல்லை.

இனத்தைக் கற்பிப்பது சாதியைக் கற்பிப்பதுதானே என்று சிலர் கேட்பார்கள். பிறப்பிலேயே இழிந்தவர்கள், கொல்லத் தக்கவர்கள் என்று ஓர் இனத்தைப் படைத்தால் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் இருந்ததால், யாருக்கும் உப்பிட மறுக்கும் ஓர் உவரர் பெண்ணையே கதைத்தலைவியாக்கினேன்.

இறந்த தாயின் கையில் கடைசியாகப் பூத்த உப்பு அவளுக்கா, அவள் தங்கைக்கா என்ற வழக்கை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.