தாளாளர் கேட்ட ரேடியோ மன்றம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் குடியிருக்கிறேன். திருவள்ளூரைத் தாண்டி ஒரு சிறிய ஊரில் உள்ள தனியார் மேல்நிலைப் பள்ளியில் கணினி நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். தினமும் புறநகர் ரயிலில் போய்வருகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனைவியும் வேலைக்குப் போகிறார். ஒரே மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

என் வேலை இன்னது என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. கணினி ஆய்வகம், வகுப்பறைகளின் ஸ்மார்ட் போர்டு, கைரேகை வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம், சிசிடிவி, கட்டண மென்பொருள் எல்லாம் என் பொறுப்பு. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுவதும், பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலில் இனிஷியல் மாறிப்போயிருக்கிறதா என்று பார்ப்பதும் நான்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், ஆய்வகத்தில் எந்தக் கணினி தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பட்டியலுக்கு இன்றுவரை பதில் இல்லை. கணினி ஏன் மெதுவாக ஓடுகிறது என்ற கேள்வி மட்டும் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது.

ஆசிரியர்கள் என்னை அலுவலக ஆள் என்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் லேப் சார் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் எனக்கு நாற்காலி இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில், "சார், நாளைக்கு முதல் பீரியட் புரொஜெக்டர் வேண்டும்" என்று செய்தி வரும். இப்போதெல்லாம் அந்த ஒலி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், சர்வர் அறையில் ஏசியை அணைத்தோமா என்று யோசனை ஓடுகிறது. மறுபடி தூக்கம் வருவதில்லை.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வது. ரிச்சி தெருவில் தேடி உதிரிபாகம் வாங்கிவந்து, சனிக்கிழமை இரவு கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். பல ஆண்டுகள் மூடிக்கிடந்த செட்டை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. வால்வுகள் மெல்லச் சூடேறும். முதலில் வெறும் இரைச்சல் வரும். டயலை 720-க்குத் திருப்பினால் சென்னை வானொலி. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது.

சில வாரங்களுக்கு முன், நான் சரிசெய்த செட்டின் படத்தை யாரோ தாளாளரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் கூப்பிட்டனுப்பி மிகவும் பாராட்டினார். சனிக்கிழமை தோறும் பள்ளியில் ரேடியோ மன்றம் நடத்த வேண்டும், மாணவர்களுக்கு வால்வு செட் சரிசெய்யக் கற்றுத்தர வேண்டும், சேர்க்கை விளம்பரத்தில் என் படத்தோடு போடுகிறோம், தனியாக ஒரு தொகையும் தருகிறோம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். அன்றிலிருந்து சால்டரிங் அயர்னைத் தொடவே மனம் வரவில்லை.

மனைவி வேறு சொல்கிறார்: "நாள் முழுக்க ஒயரோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டிலும் ஒயரா? பேசாமல் எலியட்ஸ் கடற்கரைக்கு வாருங்கள், காலாற நடந்துவிட்டு வரலாம்." நண்பரோ, பிள்ளைகளுக்குச் சொல்லித்தராத வித்தை என்ன வித்தை என்று கேட்கிறார். பொழுதுபோக்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா? மன்றத்தை ஏற்க வேண்டுமா? மறுத்தால் நான் சுயநலக்காரனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பத்தூர்

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் சுயநலக்காரர் இல்லை. ஒரு பள்ளி நிமிர்ந்து நடப்பதற்கு வேண்டிய பாதி வேலையைப் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருப்பவர், வாரத்தில் ஒரே ஓர் இரவைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்: கணினி வேலை பார்ப்பவர் கணினியைவிட்டு விலகினால்தான் ஓய்வு, ஆசிரியர் புத்தகத்தை மூடினால்தான் ஓய்வு என்று. வேலைக்குப் பின் மனம் எப்படித் தெளிவடைகிறது என்பதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஜெர்மானிய உளவியலாளர் சபீனா சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்: வேலை நினைவிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்ந்து இளைப்பாறுவது, ஒன்றைக் கற்றுத் தேர்ச்சி பெறுவது, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தானே முடிவு செய்வது. கையில் ஒயர் இருக்கிறதா, கடல்மணல் இருக்கிறதா என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் கடிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வால்வு செட்டின் முன் உட்காரும்போது வேறு எதுவும் நினைவில் இருக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு செட்டிலும் புதிதாக ஒன்று பிடிபடுகிறது. எந்த செட்டை எப்போது திறப்பது என்பதும் உங்கள் இஷ்டம். நான்கில் மூன்று அந்த மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. பள்ளியிலும் நீங்கள் கோளாறுதான் பார்க்கிறீர்கள்; ஆனால் அங்கே ஒரு கோளாறைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்கு ஓட வேண்டும், முடித்ததை முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லை. உங்களைக் களைக்கச் செய்வது இந்த ஓட்டம். ஆகவே பொழுதுபோக்கை மாற்ற வேண்டாம். மிச்சமிருக்கும் ஒன்றான இளைப்பாறுதல்தான் உங்கள் வாரத்தில் இல்லை. அதற்கு மனைவி சொல்லும் கடற்கரை நல்ல வழி. ஞாயிறு மாலை போய்வாருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளும் கணவரோடு ஒருமணி நேரம் சேர்ந்து நடக்கத்தான் அவர் கேட்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

அடுத்து வேலை. சரிசெய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது, ரேடியோ மேசையில் இல்லை. பள்ளிகளில் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மதிப்பு பதிவேட்டுக்கு உண்டு. முதல்வரிடம் கேட்டு அலுவலகத்தில் ஒரு கோளாறுப் பதிவேடு வையுங்கள். எந்த வகுப்பு, என்ன பழுது, சொன்னவர் கையெழுத்து, சரிசெய்த நேரம் என்று நான்கு கட்டம் போதும். மறுநாள் புரொஜெக்டர் வேண்டுமென்றால் முந்தைய நாள் மாலைக்குள் அதில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டை முதல்வர் பார்வைக்கு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். யாரும் பார்க்காமல் நீங்கள் செய்த வேலை முதல்முறையாக எழுத்தில் வரும். பதில் இல்லாமல் கிடக்கும் கணினிப் பட்டியலையும் தேதி போட்டு அதோடு இணைத்து அனுப்புங்கள். இரவுச் செய்திகளுக்கும் முதல்வர் வாயிலாகவே வரம்பு வர வேண்டும். பொதுத்தேர்வு நாட்கள், மின்கசிவு, திருட்டு போன்ற அவசரங்களுக்குத் தொலைபேசி அழைப்பு. மற்ற எல்லாம் பதிவேட்டில். இதைத் தனியாக ஒவ்வொரு ஆசிரியரிடமும் சொல்லப் போனால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மூன்று மணி விழிப்புக்கு ஒரு சிறிய பழக்கம் உதவும். முடியாத வேலை மனத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இயல்பு. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்தாலே, வேலை முடியாதபோதும், அந்த நச்சரிப்பு குறைகிறது என்று 2011-ல் வெளியான மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் ஆய்வு காட்டியது. திருவள்ளூரில் ரயில் ஏறியதும் எழுதத் தொடங்குங்கள். "கணினிப் பிரச்சினை" என்று எழுதினால் போதாது. "காலை எட்டரைக்கு ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டின் கேபிளை மாற்ற வேண்டும்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். ஏசியை அணைத்ததையும் நேரத்தோடு குறித்துவிடுங்கள்.

படபடப்பை மட்டும் இதோடு விட்டுவிடாதீர்கள். தீராத வேலை அழுத்தத்தால் வரும் முழுச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் தன் 11-ஆம் நோய் வகைப்பாட்டில் நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று சேர்த்திருக்கிறது. உங்களிடம் அதன் சாயல் தெரிகிறது. ஆனால் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டு, ரத்த அழுத்தம் போன்ற உடல் காரணங்களும் இருக்கலாம். ஒரு பொது மருத்துவரைப் பார்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடையில் மனம் தாங்காத இரவு வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி மன்றம். தாளாளர் கேட்ட வடிவில் இதை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1973-ல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துவந்தது பரிசுக்கான வேலையாகிவிட்டது. தொகை, விளம்பரப் படம், சனிக்கிழமைக் கட்டாயம் என்று மூன்றும் சேர்ந்து வந்ததும் உங்கள் கை பின்வாங்கியதில் எனக்கு வியப்பில்லை. உங்களுக்கு அன்பானது ஒன்று பறிபோகப் பார்க்கிறது என்று மனம் உங்களுக்கு முன்னே கண்டுகொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வால்வு செட்டுக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர்கள் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பத்து இருபது பிள்ளைகளை அதைச் சுற்றி நிறுத்தவே கூடாது. தாளாளரிடம் இதை முதல் காரணமாகச் சொல்லுங்கள்.

நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது; உங்களுக்கும் உள்ளூரச் சொல்லித்தர ஆசை இருக்கலாம். இருந்தால் கிரிஸ்டல் ரேடியோ செய்யக் கற்றுக்கொடுங்கள். ஒரு செப்புக்கம்பிச் சுருள், நிலையத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கேங் கண்டென்சர், ஜெர்மானியம் டயோடு, காதில் வைக்கும் சிறு இயர்போன், ஏரியல், எர்த். பேட்டரி தேவையில்லை, நிலையத்திலிருந்து வரும் அலையே அதை ஓட்டும். சென்னை வானொலியின் ஒலிபரப்பி ஆவடியில் இருக்கிறது, உங்கள் பள்ளி அதற்கு வெகுதூரமும் இல்லை. மின்சாரமே இல்லாமல் குரல் கேட்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் வானொலி தொடங்கியதும் ஆர்வலர்களால்தான். 1924-ல் சென்னை மாகாண ரேடியோ மன்றத்தைத் தொடங்கியவர்கள் அரசு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, தாங்களாகக் கூடினார்கள். 1927-ல் பணமில்லாமல் அது நின்றது. அவர்கள் கொடுத்த ஒலிபரப்பியை வைத்துத்தான் மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938-ல். ஆகவே உங்கள் மன்றத்துக்கும் தாமாக விரும்பி வரும் பிள்ளைகள் மட்டும் போதும்.

தாளாளரிடம் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, வால்வு செட் பிள்ளைகளுக்கு ஆபத்து. அதற்குப் பதிலாக கிரிஸ்டல் ரேடியோ சொல்லித்தருகிறேன். வேலைநாளில், பள்ளி நேரத்துக்குள், ஒரு பருவத்துக்கு மட்டும் செய்து பார்க்கலாம். அந்த நேரத்தில் ஆய்வகத்தை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் என் படம் வேண்டாம்." சனிக்கிழமையைப் பற்றி அவர் மறுபடி கேட்டால், அன்று வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இந்த நிபந்தனைகள் அவருக்கு ஒத்துவராவிட்டால் அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம் என்று தள்ளிவையுங்கள். பதிவேடு தொடங்கி ஒரு மாதம் ஆனதும் உறக்கம் எப்படி இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு மீண்டும் எழுதுங்கள்.